அவுன்சு கணக்கில் வெள்ளி வாங்குகிறவர்களே, உஷார்: எனக்கு 27.5 கிராம் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் நானும் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இணையத்தில் வெள்ளி விற்கும் கடை ஒன்று. பெயர் வேண்டாம். கட்டி, நாணயம், வார்ப்புக்கான குருணை என்று எல்லாவற்றையும் அவுன்சு கணக்கில் விற்கிற ரகம். நான் 10 அவுன்சு குருணைக்குப் பணம் கட்டினேன். வந்திருக்க வேண்டியது 311 கிராம். வந்தது 283 கிராமும் கொஞ்சமும். மீதி 27.5 கிராம் வெள்ளிக்கு நான் காசு கொடுத்தாயிற்று, வெள்ளிதான் வரவில்லை.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் விலைப்பட்டியலுக்குக் கீழேயே எடை மாற்றும் கணிப்பான் ஒன்று இருக்கிறது. 10 என்று தட்டினேன். 311.0348 கிராம் என்று காட்டியது. நான்கு தசம இடம் வரை சுத்தமாகக் கணக்குக் காட்டுகிற கடை எடையில் கை வைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? விலையும் அன்றைய சர்வதேச விலையோடு பொருந்தியே இருந்தது. அந்த விலை எப்போதும் டிராய் அவுன்சுக்குத்தான் சொல்லப்படும், அதாவது 31.1 கிராமுக்கு. கணிப்பான் சொல்வதும் விலை சொல்வதும் ஒன்றாக இருந்ததால் பணத்தைக் கட்டினேன்.

பொட்டலத்தைத் தராசில் கொட்டினால் 283.5. தராசு பழுதோ என்று 100 கிராம் எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாக 100.0. தராசில் அலகு மாற்றும் பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அழுத்தினேன். 'ஓ.இசட்', அதாவது சாதாரண அவுன்சு என்ற இடத்தில் 10.00 என்று பளிச்சென்று நின்றது. இன்னொரு தடவை அழுத்தி 'ஓ.இசட்.டி', அதாவது டிராய் அவுன்சுக்குப் போனால் 9.11. அந்த ஒரு 'டி'யில்தான் என் 27.5 கிராம் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். அவுன்சு இரண்டு. மளிகைச் சாமானுக்கும் தபால் எடைக்கும் வைத்திருக்கிற சாதாரண அவுன்சு 28.35 கிராம். தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு உள்ள டிராய் அவுன்சு 31.10 கிராம். இரண்டுக்கும் அடியில் கிரெயின் என்ற ஒரே சிற்றளவுதான் இருக்கிறது, 64.79891 மில்லிகிராம். அதில் 437.5 சேர்ந்தால் சாதாரண அவுன்சு, 480 சேர்ந்தால் டிராய். விலையை 480-க்கு வாங்கிக்கொண்டு சரக்கை 437.5-க்குப் போட்டால், நூற்றுக்கு ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருட்டலாம். (பவுண்டுக்குப் போனால் கதை தலைகீழ். டிராய் பவுண்டில் 12 அவுன்சுதான், 373 கிராம். சாதாரணப் பவுண்டில் 16, 453.6 கிராம். இந்தக் குழப்பத்தில் குளிர்காய ஒரு கூட்டமே இருக்கும் போல.)

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதல் பதில்: "உங்கள் தராசைச் சரிபார்க்கவும்." எடைக்கல்லோடு படம் அனுப்பினேன். அடுத்து: "கணிப்பான் தகவலுக்காக மட்டுமே, விற்பனைக்குப் பொருந்தாது." சரி, பொட்டலத்தில் என்ன அவுன்சு என்று எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அவுன்சு என்றால் 28.35 கிராம், இது எல்லோருக்கும் தெரிந்ததே." அப்படியானால் விலையையும் 28.35-க்குப் போட்டிருக்க வேண்டாமா? அதற்குப் பதில் இல்லை. வேறொருவர் வந்து, பழைய அளவைகளெல்லாம் தோராயமானவை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது அங்கேதான். தோராயமாம்! சாதாரணப் பவுண்டு என்பது 453.59237 கிராம் என்று 1959-லேயே அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள் ஒத்துக்கொண்டு முடித்த விஷயம். கிரெயினும் இரண்டு அவுன்சும் அதிலிருந்து துல்லியமாகவே வருகின்றன. தோராயம் எதுவும் இல்லை, களவுதான் இருக்கிறது. இதை எழுதி அனுப்பியதும் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் விட வயிறு எரிகிற இடம் ஒன்று உண்டு. அதே தளத்தில் "உங்கள் வெள்ளியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே எடையைக் கிராமில்தான் கொடுக்க வேண்டும். 283.5 என்று போட்டுப் பார்த்தேன். 9.11 அவுன்சு என்கிறது! அவர்கள் விற்கும்போது 10, அதே குருணையை நான் திருப்பிக் கொடுத்தால் 9.11. இரண்டு அவுன்சும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: அவுன்சில் விலை சொன்னால் "மொத்தம் எத்தனை கிராம்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பே. பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்தக் கடையே வேண்டாம். விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள், அவுன்சால் அல்ல.

விற்கிறவர்களுக்கு ஒன்று. எதிராளியின் தராசு 'டி.டபிள்யூ.டி'யில் நிற்கிறதா பாருங்கள். அது பென்னிவெயிட், 1.555 கிராம். 20 கிராம் நகை அதில் 13-க்கும் கீழே காட்டும். அந்த எண்ணைக் கிராம் விலையால் பெருக்கித் தந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தோலா என்று சொன்னால் 11.66 கிராமா, 10 கிராமா என்று கேளுங்கள். இரண்டையும் தோலா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே தராசில் வைத்துப் படம் எடுங்கள், எடைக்கல்லும் படத்தில் தெரியட்டும். பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடன் அட்டை வங்கிக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டதே அந்தப் படத்தைத்தான்.