பள்ளியில் 'இலவசப் பல் முகாம்' சீட்டு வந்தால், பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கடலூர், சிதம்பரம் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் இது நடக்காமல் இருக்காது.

பள்ளியில் இலவசப் பல் பரிசோதனை என்பார்கள். மறுநாள் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வரும். இரண்டாம் வகுப்பு படித்த என் மகளுக்கு வந்ததில் "சொத்தை 5, அதில் ரூட் கெனால் 2, கிளிப் அவசியம், உடனே அணுகவும்" என்று இருந்தது. கீழே ஒரு தனியார் கிளினிக்கின் முத்திரை. அவள் வகுப்பில் பலருக்கும் ஏறக்குறைய இதே வரிகள்தான் என்பது பிறகு பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களோடு பேசியபோது தெரிந்தது.

கிளினிக்கில் ஏசி, சுவரில் கார்ட்டூன், பிள்ளைக்கு பலூன். நாற்காலியில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுக்கவில்லை. கவுன்டரில் இருந்த பெண் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "மொத்தம் 52,000 வருது மேடம். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா பேக்கேஜ்ல 45,000 போட்டுத் தர்றோம்" என்றார். கீழ்க் கடைவாயில் கறுப்பாக ஒரு குழி இருக்கிறதே, அது என்ன என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "அது பால் பல்தான், தானா விழுந்துடும்" என்று முடித்துவிட்டார். பெரிதாகப் பேசியதெல்லாம் முன்பல் நடுவில் இருந்த சந்து பற்றித்தான். இப்போதே கிளிப் போடாவிட்டால் தாடை இறுகிவிடுமாம், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாதாம். 15,000 அட்வான்ஸ் கட்டினோம். அன்றைக்கே இரண்டு பற்களை அடைத்து அனுப்பினார்கள்.

அடைத்ததில் ஒன்று மேல் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். மாதம் முடிவதற்குள் இட்லி சாப்பிடும்போது அது கையோடு வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளைச் சிமென்ட் பளபளவென்று இருக்கிறது, அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. பால் பல் விழும் வயது நெருங்கினால், கீழிருந்து புதுப் பல் மேலே வர வர அதன் வேர் கரைந்துபோகும். அந்தப் பல் ஏழு, எட்டு வயதில் விழ வேண்டியது. விழப்போகும் பல்லுக்குத்தான் 1,500 ரூபாய் அடைப்பு. சாணியில் பொதிந்து கூரையில் எறியச் சொன்னார் என் மாமியார். அந்த விலைக்குப் பட்டுத் துணியிலேயே பொதிந்திருக்கலாம்.

அப்புறம்தான் சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு, குழந்தைப் பல் பிரிவுக்குப் போனோம். வரிசையில் அரை நாள் போகும், அதற்குத் தயாராகப் போங்கள். அங்கே முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரூட் கெனால் என்று எழுதியிருந்த இரண்டு பற்களில் ஒன்றில் வெறும் கறை. இன்னொன்றில் சொத்தை நரம்பு வரை போகவில்லை, சாதாரண அடைப்பே போதும். ஆனால் நான் கேட்ட அந்தக் கறுப்புக் குழிப் பல்? அங்கிருந்த டாக்டரம்மா அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். "இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல முளைக்கிற நிரந்தரப் பல். ஆயுசுக்கும் இதுதான்."

ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழுந்து அந்த இடத்தில் இவை வருவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளம் பள்ளமாக இருப்பதால் சாப்பாடு தங்கிச் சீக்கிரம் சொத்தையாகும். ஒரு பல் டாக்டருக்கு இது தெரியாமலா இருக்கும்? வாயில் இருந்த மிக முக்கியமான சொத்தையை விட்டுவிட்டு, தானாகச் சரியாகும் சந்துக்கு 25,000 கேட்டிருக்கிறார்கள். அந்தச் சந்து இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப் பற்கள் இறங்கும்போது முன்பற்களை நெருக்கிப் பெரும்பாலும் மூடிவிடும். அதுவரை பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

சொத்தைப் பல்லை அங்கேயே அடைத்தார்கள். மற்ற மூன்று ஆறு வயதுப் பற்களின் பள்ளத்தில், சாப்பாடு தங்காமல் அதை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசினார்கள். கிளினிக் கேட்டதோடு பார்த்தால் ஆன செலவு ஒன்றுமே இல்லை. கிளினிக்கில் வாங்க வைத்த, சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடு இல்லாத குழந்தை ஜெல்லையும் நிறுத்தச் சொன்னார்கள். 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளூரைடு உள்ள பேஸ்ட்டை பட்டாணி அளவு எடுத்து, இரவிலும் துலக்க வேண்டும். எட்டு வயது வரையாவது பெரியவர்கள் பக்கத்தில் நின்று தேய்த்துவிட வேண்டும் என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, பால் பல்லுக்கு ரூட் கெனால் என்றாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் சீழ் கட்டினால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். முன்கூட்டிப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல்லுக்கு இடம் இருக்காது. அதேபோல மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய்க் கடித்தாலோ, விரல் சூப்பும் பழக்கம் விடாமல் இருந்தாலோ சின்ன வயதிலேயே காட்டத்தான் வேண்டும். எந்தப் பல், அது எந்த வயதில் விழும், எக்ஸ்ரே எங்கே என்று கேளுங்கள். நேர்மையான டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டியே சொல்லுவார்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது "பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது மேடம்" என்றார்கள். பில்லிலும் ஒரே வரி, 'பல் சிகிச்சை' என்று. எந்தப் பல்லுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவோம் என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தோம். அதற்குப் பிறகு 9,000 ரூபாய் கணக்கில் ஏறியது. மீதி இன்னும் வரவில்லை, விடுவதாகவும் இல்லை.

இந்த வருஷமும் முகாம் உண்டு என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், சீட்டில் ஏன் ஒரே கிளினிக்கின் முத்திரை என்று தலைமையாசிரியரிடம் சில பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கும் இதே மாதிரிச் சீட்டு வந்திருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், புகாருக்கு உதவும்.