லுபென் ஆறு கேள்வி அளவுகோல்: திருகோணமலையில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதியவர்களின் உறவையும் நட்பையும் அளக்க வினாக்கொத்து தேடுபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது லுபென் சமூக வலையமைப்பு அளவுகோலின் ஆறு கேள்விச் சுருக்கத்தைத்தான். சின்னது, படிக்காதவருக்கும் விளங்கும், கணக்கும் சுலபம். ஆனால் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

சொந்தக்காரரைப் பற்றி மூன்று கேள்வி, சிநேகிதரைப் பற்றி அதே மூன்று: மாதம் ஒருமுறையாவது எத்தனை பேரைக் காண்கிறீர்கள் அல்லது எத்தனை பேரோடு கதைக்கிறீர்கள்? மனம்விட்டுக் கதைக்க எத்தனை பேர்? உதவி கேட்கும் அளவுக்கு நெருக்கம் எத்தனை பேர்? ஒருவருமில்லை என்றால் 0, ஒருவர் 1, இருவர் 2, மூன்று நான்கு பேர் 3, ஐந்து முதல் எட்டு வரை 4, ஒன்பதும் அதற்கு மேலும் 5. கூட்டினால் உச்சம் 30. 12க்குக் கீழே வந்தால் தனித்துப்போகும் ஆபத்து.

சிக்கல் அந்த 12இல் இருக்கிறது. 2006இல் இந்தச் சுருக்கம் சோதிக்கப்பட்டது ஐரோப்பாவில்: ஜேர்மனியின் ஹம்பேர்க், சுவிஸின் சோலோதூர்ன், லண்டன் முதியவர்களிடம். நம் வீடுகளுக்கு அது அப்படியே பொருந்தாது. உப்புவெளியில் பிள்ளைகளும் தம்பி குடும்பமும் ஒரே வளவில் இருக்கும் ஒரு அம்மாவை எடுங்கள். சொந்தக்காரர் பகுதியில் 5, 5, 5. சிநேகிதர் பகுதியில் மூன்றும் 0. மொத்தம் 15, ஆகவே படிவத்தின்படி ஆபத்தில்லை. வீட்டுக்கு வெளியே அவருக்கு ஒருவருமே இல்லை என்பது அந்த 15க்குள் மறைந்துவிடுகிறது. இரண்டு பகுதியையும் தனித்தனியே எழுதி, எதில் 6க்குக் கீழே வந்தாலும் அடையாளமிடுங்கள்.

அடுத்தது, ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணுவது. பக்கத்து வீட்டு அக்கா சொந்தக்காரர் கணக்கில் வந்து, பிறகு சிநேகிதர் கணக்கிலும் வருவார். பிறப்பாலோ கல்யாணத்தாலோ வந்த சொந்தமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அயலவர் சிநேகிதர் பக்கம்தான். கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுக்கும் மகனும் முதல் கேள்வியில் சேர்வார். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நேரில் வருபவரை மட்டுமே எண்ணுவார்கள்.

விறாந்தையில் மருமகள் நிற்கும்போது மனம்விட்டுக் கதைக்கும் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். விடை கூடித்தான் வரும். போரிலும் 2004 சுனாமியிலும் சொந்தங்களை இழந்தவர்கள் உள்ள திருக்கடலூர் போன்ற இடங்களில் சொந்தக்காரர் கேள்வியை அவசரமாகக் கேட்பது கொடுமை. நிறுத்தி, நேரம் கொடுத்துக் கேளுங்கள்.

கேட்பவரின் கையிலும் நிறைய இருக்கிறது. அமெரிக்கப் பொதுச் சமூகக் கருத்தாய்வில், முக்கிய விஷயங்களைக் கதைக்கும் ஆட்களின் சராசரி 1985இல் 2.94, 2004இல் 2.08. நட்பே கரைந்துவிட்டது என்று பேசப்பட்டது. 2013இல் வெளியான மறுஆய்வோ, சில நேர்காணலாளர்களிடம் மட்டும் ‘ஒருவருமில்லை’ என்ற விடை அளவுக்கு மீறி வந்ததைக் காட்டியது. ஆகவே ஒவ்வொரு கேட்பவருக்கும் வந்த பூச்சியங்களைத் தினமும் மாலையில் ஒப்பிடுங்கள்.

கைப்பேசிப் படிவத்தில் எண்ணைத் தட்டும் பெட்டி வைக்காதீர்கள். நான்கு பேர் என்றதும் 4 என்று போடுவார்கள். சரியான குறியீடு 3. ஆறு தெரிவுகளை மட்டும் வையுங்கள். ‘கனபேர்’ என்ற விடையை அப்படியே 5 ஆக்காமல், விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இந்த அளவுகோல் ஆட்களை எண்ணுமே தவிர, தனிமை உணர்வைத் தொடாது. அதற்கு யூசிஎல்ஏ தனிமை அளவுகோலின் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: துணையில்லை, ஒதுக்கப்பட்டேன், தனித்துப்போனேன் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பவை. புள்ளி 3 முதல் 9 வரை; கூடக் கூடத் தனிமையும் கூட. லுபெனில் 20 எடுத்தவர் இதில் 8 எடுத்தால், அந்த வீட்டுக்குத்தான் முதலில் திரும்பிப் போகவேண்டும்.