டெல்லியில் எனக்கு ஒரு இரும்புக் கடை

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் ‘சிறுதொழிலுக்கு அரசுத் திட்டத்தில் முத்ரா கடன் வாங்கித் தருகிறேன்’ என்று வீடு வீடாக ஒருவர் வந்தாரே, அவரிடம் ஆதார், பான் நகல் கொடுத்தவர்கள் இதைப் படியுங்கள்.

எனக்குப் பலகாரத் தொழில். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை எல்லாம் கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுக்கிறேன். போன வருடம் ஆடியில் அந்த ஆள் வந்தார். ஆடியில் கல்யாணமும் இல்லை, கையில் காசும் இல்லை. நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். “ஆச்சி, நீங்க பேங்க் படியே ஏற வேண்டாம்” என்றார். ஆதார், பான், இரண்டு போட்டோ வாங்கிக்கொண்டார். “போன்ல ஒரு நம்பர் வரும், சொல்லுங்க” என்றார். கையெல்லாம் மாவு. போனையே அவரிடம் நீட்டிவிட்டேன். முத்ராவுக்கு ஏஜென்டே கிடையாது, நேராக வங்கியில் கேட்டாலே போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடன் வரவில்லை. அப்புறம் அவர் போனும் எடுக்கவில்லை. சரி, கிடைக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் வருமான வரிக் கணக்குக்காகக் காரைக்குடியில் ஆடிட்டரைப் பார்த்தேன். “ஆச்சி, பழைய இரும்பு வியாபாரமும் பண்றீங்களா?” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பான் எண்ணில் ஒரு ஜிஎஸ்டி பதிவு, அதில் 1 கோடியே 80 லட்சத்துக்கு விற்பனை! ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டுமாம். தமிழ்நாட்டுக்கு 33. இது 07, டெல்லி. அதற்கடுத்த பத்தும் அப்படியே என் பான் எண். காசிக்குப் போயிருக்கிறேன், டெல்லியை இன்னும் பார்த்ததில்லை.

சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுவார்களாம். அந்த பில்லைக் காட்டி இன்னொருவர் வரியைக் கழித்துக்கொள்வார். நோட்டீஸ் மட்டும் என் வீட்டுக்கு வரும்.

சைபர் கிரைம் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் புகார் பதிந்தேன். மூன்று மாதமாக அலைகிறேன். பலகாரம் செய்த நாளைவிட ஜெராக்ஸ் எடுத்த நாள்தான் அதிகம்.

நீங்கள் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், லாகின்கூட வேண்டாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதையும் வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளம் காட்டும். பணமே போயிருந்தால் உடனே 1930-க்கு, அதுதான் சைபர் கிரைம் உதவி எண், போன் போடுங்கள். நான் இப்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைத்தான் கொடுக்கிறேன், நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதி.

நேற்று எதிர்வீட்டு ஆச்சியின் பான் எண்ணையும் போட்டுப் பார்த்தோம். அவருக்கு டெல்லியில் பிளாஸ்டிக் கம்பெனி.