ஆர்ட் டேட்டமா, ஆஸ்கர் பீட்டர்சனா: இடது கையை யாரிடம் கற்பது?

இருவரும் ஜாஸ் பியானோ கலைஞர்கள். டேட்டம் (1909–1956) அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோவில் பிறந்தவர். பார்வை மிகக் குறைவு. அவருடைய இடது கையே ஒரு தாளக்குழு. நான்கு தட்டுத் தாளத்தில் 1, 3ஆம் தட்டில் தாழ்ந்த பாஸ் சுரம், 2, 4இல் பியானோவின் நடுப்பகுதியில் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்). பாஸ் இடத்தில் அடிக்கடி பத்துச் சுர அகலத்தில் இரட்டைச் சுரம் வரும். கை எட்டாதவர்கள் இரண்டையும் சேர்த்து அடிக்க முயன்றால் மணிக்கட்டு இறுகி வேகம் செத்துவிடும். கீழ்ச் சுரத்தைத் தட்டுக்குச் சற்று முன்னால் தொட்டு, மேல் சுரத்துக்கு உருட்டுங்கள். அவர் பாடலின் கார்டுகளை நடுவழியில் மாற்றுவார். குழுவில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கலைஞர் பழைய கார்டிலேயே நடந்தால் சுரங்கள் மோதும். அதனால்தான் தனி வாசிப்பில் அவர் முழுமையாகத் தெரிகிறார்.

கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்த பீட்டர்சன் (1925–2007) டேட்டமைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் பாஸ் கலைஞர் ரே பிரவுன் பக்கத்தில் இருக்கும்போது அவரது இடது கை பெரும்பாலும் நடுப்பகுதியில் குறுகிய கார்டுகளை மட்டும் வெட்டி வைக்கும். அங்கே நீங்கள் தாழ்ந்த சுரங்களையும் சேர்த்தால் ஒலி குழம்பும். 1993இல் பக்கவாதம் அந்த இடது கையைப் பலவீனமாக்கியது, பிறகும் மேடையேறினார்.

தனியாக வாசிப்பவருக்கு டேட்டம். குழுவில் வாசிப்பவர் பீட்டர்சனிடமிருந்தே தொடங்க வேண்டும்.