யானை இனங்களை வகைப்படுத்தப் பல்லா, மரபணுவா?

அழிந்துபோன யானையை எந்தக் கிளையில் சேர்ப்பது என்று தடுமாறுவோர், இரண்டு சான்றுகளையும் ஒரே அளவுகோல்களால் பார்ப்பது நல்லது.

காலம்: 3 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, யானையின் தொல்லுறவான மோரித்தேரியத்தைப் பல்லும் எலும்புமே அடையாளம் காட்டுகின்றன. மரபணுவோ, சைபீரிய உறைநிலத்தில் கிடைத்த மாமூத் (அழிந்துபோன யானை இனம்) பற்களில்கூட, 10 லட்சம் ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது.

எளிமை: கடைவாய்ப்பல்லின் தேய்ந்த மேற்பரப்பே போதும், ஆப்பிரிக்க யானைக்கு வைர வடிவ முகடுகள், மாமூத்துக்கு நெருங்கி அடுக்கிய மெல்லிய தகடுகள். மரபணுவுக்கு எலும்பைத் துளைத்துத் தூளெடுக்க வேண்டும். அரிய மாதிரியென்றால் அது உறுத்துகிறது.

துல்லியம்: இங்கே மரபணுவின் கை ஓங்குகிறது. மண்டையோட்டை வைத்து ஆசிய யானையின் உறவாகக் கருதப்பட்ட, அழிந்துபோன நேர்த்தந்த யானை, ஆப்பிரிக்க வன யானைக்கு நெருங்கியது என்று 2017-இல் தெரியவந்தது. பிந்தைய ஆய்வு அதில் இனக்கலப்பையும் காட்டியது.

மிகத் தொன்மையான எச்சங்களுக்குப் பல்லை நம்பலாம். அண்மையில் அழிந்த இனங்கள், இன்றும் வாழும் இனங்கள் ஆகியவற்றின் உறவுமுறைக்கு மரபணுவே ஏற்றது.