முல்லைத்தீவுப் பக்கம் ‘குடும்பக் கரவன்’ எடுக்கிற ஆக்கள் முற்பணம் போட முதல் வாசியுங்கோ

ஓகஸ்ட் லீவுக்கு முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ‘குடும்பங்களுக்கேற்ற கரவன் விடுதி’ என்று விளம்பரம் போட்ட ஒரு இடத்தில், பெரியாக்கள் 4 பேரும் பிள்ளைகள் 2 பேரும் இரண்டு இரவு தங்கினார்கள். பேசின விலை இரவுக்கு 22,000 ரூபா. போகும்போது கையில் கொடுத்த பில் 83,712 ரூபா. இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் அடுத்த லீவுக்கு வேறு பெயர்ப்பலகை தொங்கும்.

பில்லை அப்படியே தருகிறோம். அறை 44,000. சேவைக் கட்டணம் 10 வீதம், 4,400. இரண்டும் சேர்ந்த 48,400க்கு வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம், 8,712. ஜெனரேற்றர் 5,000. மேலதிக மெத்தை 2, ஒன்று இரவுக்கு 1,500 படி 6,000. நண்டு 2.4 கிலோ, கிலோ 6,500 படி 15,600. கூட்டிப் பாருங்கோ, ஒரு சதம் பிழையில்லை. ஏற்கெனவே வங்கியில் போட்ட முற்பணம் 22,000ஐ மட்டும் கழிக்க மறந்துவிட்டார்கள். கேட்ட பிறகுதான் பேனாவால் வெட்டி எழுதினார்கள்.

முதலில் அந்த வற். 2024 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து அது 18 வீதம், அது உண்மை. ஆனால் வற்றுக்குப் பதிந்தவர் மட்டும்தான் அதை அறவிடலாம். பதிவு இலக்கம் பில்லில் அச்சடித்திருக்க வேணும்: 9 இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு 7000. கொப்பித் தாளில் கையால் ‘வற்’ என்று எழுதி, இலக்கம் இல்லாமல் வாங்கினால் அது அரசாங்கத்துக்குப் போகிற காசில்லை. போனில் விலை கேட்கும்போது ‘பிளஸ் பிளஸ்’ என்று ஒரு சொல் வந்தால், சேவைக் கட்டணமும் வற்றும் மேலே ஏறி 100 ரூபா 129 ரூபா 80 சதம் ஆகிறது என்று கணக்குப் போடுங்கோ. ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு, ஜெனரேற்றருக்கு வேறு காசு உண்டோ, 6 பேருக்கும் படுக்கை அதற்குள்ளேயோ’ என்று வைபரிலோ வட்ஸ்அப்பிலோ எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கோ. குரல்பதிவில் பதில் வந்தால் திரும்பவும் எழுதச் சொல்லுங்கோ. வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து கேட்டால் விலை வேறு, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊரில் உள்ள மச்சானையோ சித்தப்பாவையோ கொண்டு ஒருக்கால் விலை கேட்பித்துப் பாருங்கோ.

நண்டை உயிரோடு, உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கோ. கட்டின கயிறு ஈரத்தோடு தராசில் ஏறக்கூடாது. குசினிக்குள் நிறுத்த நண்டுக்கு எந்தக் கணக்கும் சொல்லலாம்.

இனிக் கரவன். சில்லுப் பூட்டின உண்மையான கரவன் வன்னியில் அருமை. அந்தப் பெயரில் கிடைப்பது அநேகமாக 20 அடிக் கொன்டெய்னர், இல்லாவிட்டால் பழைய பஸ் பொடி. கொன்டெய்னரின் உள்ளளவு நீளம் 5.9 மீற்றர், அகலம் 2.35 மீற்றர், மொத்தம் 14 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் குளியலறை ஒன்றை வெட்டி எடுத்தால் 6 பேர் எப்படிப் படுப்பது? படத்தில் அகலக்கோண லென்ஸால் எடுத்த மண்டபம், நேரில் இரண்டு கட்டிலுக்கு நடுவே கால் வைக்கும் இடம். மேலே கிடுகோ பனையோலையோ ஒரு அடி இடைவெளி விட்டு வேய்ந்திருந்தால் சூடு தாங்கலாம். வெறும் தகடு என்றால், பின்னேரம் 2 மணிக்கு உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கோ. கை வைக்க முடியாவிட்டால் அங்கே 9,000 பி.ரி.யு. ஏசி இரவு 10 மணி மட்டும் குளிராது.

மின்சாரம்தான் உண்மையில் பயப்பட வேண்டிய விசயம். மேலே சொன்ன இடத்தில், மழை பெய்த அன்று, வெறுங்காலோடு நின்ற பிள்ளை கதவுப்பிடியைத் தொட்டு ‘விறுவிறுக்குது’ என்றது. விடுதிக்காரர் ‘ஈரத்துக்கு அப்படித்தான்’ என்றார். அப்படியில்லை. இரும்புப் பெட்டிக்குள் ஏசியில் இருந்தோ பிரிட்ஜில் இருந்தோ கசியும் கரண்ட், ஏர்த் வயர் இல்லாததால் பெட்டி முழுக்க ஏறி நிற்கிறது. ஈர மணலில் நின்று தொடுகிறவரின் உடம்புதான் அதற்கு வழி. வீட்டில் இருக்கிற ரெஸ்ரரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கோ. கதவுப்பிடி, படி, தண்ணிக் குழாய் மூன்றிலும் வைத்துப் பாருங்கோ. பல்ப் எரிந்தால் சாமான் இறக்க வேண்டாம். அடுத்தது, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச். அதில் ரெஸ்ற் பொத்தான் இருக்கும், அமத்தினால் உடனே கரண்ட் நிற்க வேணும். நிற்காவிட்டால் அது வெறும் அலங்காரம். அந்தச் சுவிட்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கோ.

ஏசி தொடங்கும் கணத்தில் லைற் மங்கினால், வயர் மெல்லியது அல்லது விடுதிக்காரரின் வீட்டில் இருந்து வெகுதூரம் இழுத்தது. சுருளாகச் சுற்றி வைத்த எக்ஸ்ரென்சனில் ஏசி ஓடினால் சுருள் சூடாகி உருகும். அதைக் கண்டால் அவிழ்த்து விரிக்கச் சொல்லுங்கோ. ‘24 மணித்தியால மின்சாரம்’ என்பது பெரும்பாலும் கையால் தூக்குகிற 2.5 கே.வி.ஏ. ஜெனரேற்றர், ஏறத்தாழ 2,000 வோற். ஒரு கேத்தில் மட்டுமே அவ்வளவையும் குடிக்கும். கரண்ட் போனால் மோட்டரும் நிற்கும், 1,000 லீற்றர் தாங்கி 6 கரவனுக்கு ஒரு காலைக் குளிப்புக்கே போதாது. கடற்கரைக் கிணறு என்றால் சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பாருங்கோ. நுரைக்காவிட்டால் உவர், குடிதண்ணி நீங்கள்தான் கொண்டுபோக வேணும்.

பிள்ளைகளின் நீச்சல் தடாகத்துக்கு ஒரே சோதனை: கரையில் நின்றால் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேணும். தெரியாவிட்டால், அல்லது மூடி இல்லாவிட்டால், இறக்க வேண்டாம். பம்பை நிறுத்திச் செலவு மிச்சம் பிடிக்கிற இடங்களில் தண்ணி பச்சையாகலாம்.

‘சுற்றுலாப் பொதி’ என்று ஓகஸ்ட்டில் சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்கக் கூட்டிப்போவதாகக் காசு வாங்குகிறார்கள். வலசைப் பறவைகள் ஐப்பசி தொடங்கிப் பங்குனி மட்டும்தான் நிறைய நிற்கும். ஓகஸ்ட்டில் காய்ந்த உப்புத்தரையைப் பார்க்கலாம். இரணைமடுக் குளக்கரை அறை என்பதும் இதே கதை. விளம்பரப் படம் மார்கழி, தை மாதத்தில் வான்கதவு திறந்தபோது எடுத்தது. சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டு முடிந்த ஆவணியில் வெடித்த சேறுதான் முன்னால் கிடக்கும்.

முற்பணம் கேட்டால் எந்தப் பெயரில் கணக்கு என்று பாருங்கோ. விடுதிப் பெயர் ஒன்று, கணக்கு யாரோ தனியாளின் பெயர் என்றால் ஒரு இரவுக் காசுக்கு மேல் போட வேண்டாம். மீதியை இந்தச் சோதனையெல்லாம் முடிந்த பிறகு கொடுங்கோ, 15 நிமிசம் போதும். பொழுதுபட்டுப் போய் இறங்கினால் இதில் ஒன்றும் செய்ய ஏலாது. மாங்குளத்தில் இருந்தே முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் வரும், அந்த நேரத்தில் வேறு இடம் தேடிப் போக மாட்டீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும். பின்னேரம் 3 மணிக்குள் போய்ச் சேருங்கோ.

ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் எடுக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்று 3 மாதத்துக்குள் போக வேணும். வைபர் பேச்சின் படம், வங்கிச் சிட்டை, பில் மூன்றும் சேர்த்து அனுப்புங்கோ. வெளிநாட்டுக்குத் திரும்புகிற ஆக்கள் அசல் பில்லைச் சூட்கேசில் கொண்டுபோகாமல், இங்கே விசாரணைக்குப் போய்வரக்கூடிய சொந்தக்காரர் ஒருவரிடம் கையொப்பமிட்ட கடிதத்தோடு கொடுத்துவிட்டுப் போங்கோ.