குயில்ட் பெயிண்டிங் செட் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,400 போய்விட்டது. அதைவிட, நான் தைத்த குயில்டே (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) போய்விட்டது.

ஹோல் கிளாத் குயில்ட் செய்பவர்களுக்குத் தெரியும், இதில் துண்டுத் துணி இணைப்பே கிடையாது. மேலே ஒரே முழுத் துணி, டிசைன் முழுக்கத் தையலில்தான் எழும்பி வர வேண்டும். இறகும் கொடியுமாக நெருக்கித் தைத்து முடித்துவிட்டு, அந்தத் தையல் கோடுகளுக்குள் வண்ணம் தீட்டுவதாக இருந்தேன். வெறும் அக்ரிலிக்கைப் பூசினால் காய்ந்ததும் துணி அட்டை மாதிரி விறைத்துவிடும், ஃபேப்ரிக் மீடியம் (துணிக்கென்று பெயிண்டில் கலக்கும் திரவம்) கலந்தால்தான் துணி வளைந்து கொடுக்கும், இஸ்திரிச் சூடு காட்டியபின் துவைத்தாலும் நிற்கும். அதற்காகத்தான் சமூக ஊடகத்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு பக்கத்தில் மீடியம், பெயிண்ட், நிறம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் இருக்க ஒரு ஜெல், எல்லாம் சேர்ந்த செட் வாங்கினேன். 6,400, முழுப் பணமும் முன்கூட்டியே.

நம்பியது எதனால் என்றால், அந்தப் பக்கத்தை நடத்தும் அம்மா நேரலையில் தைத்த துணி ஒன்றில் பூவுக்கு நிறம் போட்டுக் காட்டினார், முன்பே காயவைத்த இன்னொன்றைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. தனியாகவும் கேட்டேன். உள்ளே காட்டன் பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சடுக்கு), துணி கஞ்சி போக அலசியது, வெள்ளைப் பின்னணி, ஒரு சொட்டு கசிந்தாலும் மொத்தமும் பாழ் என்று எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. "இவ்வளவு உழைச்சதை வீணாக விடுவேனா மேடம், கண்ணை மூடிட்டு வாங்குங்க." இப்போது அந்தச் செய்தியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பாட்டிலில் தயாரித்தவர் பெயரே இல்லை. கேட்டால் "மொத்தமா வாங்கிப் பிரிச்சு அடைக்கிறோம்" என்றார்கள். சரி, தனித் துணியில் போட்டு அலசிப் பார்த்தேன், நின்றது. அப்புறம்தான் குயில்டில் கை வைத்தேன். நன்றாகக் காயவிட்டு, மேலே துணி போட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரியும் போட்டேன். குளிர்ந்த நீரில் ஊறவிட்டதும் சிவப்பு இளகி வழிந்து வெள்ளையில் இறங்கியது, தையல் நூலும் உறிஞ்சிவிட்டது. அந்த நூலைப் பிரிக்கவா முடியும்?

உடனே படம் அனுப்பினேன். முதலில் "சூடு பத்தலை மேடம்". பிறகு துணி சரியில்லை. அப்புறம் உங்கள் தண்ணீர் உப்புத்தண்ணீர். கடைசியில் "திறந்த பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்". திறக்காமல் எப்படித் தீட்டுவது? பக்கத்தில் கேள்வி எழுதினேன், அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தத் தளத்தில் புகார் கொடுத்தால், பணம் நேரடியாக அனுப்பப்பட்டதால் தலையிட முடியாதாம். ஆக 6,400 யாருக்கும் கணக்கில் இல்லாத பணம்.

மிச்சமிருந்த மீடியத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் பூசி, காய்ந்தபின் தண்ணீரில் போட்டு வைத்தேன். வெள்ளையாகி, கொழகொழவென்று கரைந்தது. உண்மையான அக்ரிலிக் மீடியம் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பிள்ளைகள் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை இப்படி இளகும். அதைத்தான் தண்ணீர் விட்டு அடைத்து விற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நேரலையில் ஒரு முக்கு முக்கி எடுத்ததன் ரகசியமும் அதுதான்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். தயாரிப்பாளர் பெயர் இல்லாத பாட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் தாளில் காயவைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பாருங்கள், அலசிப் பார்ப்பது போதாது. பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள், 6,400 என்றாலும் சரி, 64 என்றாலும் சரி.